செனொன்சோ மாளிகை: கேதரின் பிடுங்கினாரா, மீட்டாரா?

சாம்பல்புறா
பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றியின் ஆசைநாயகி டயான் து புவாத்தியேவுக்கு நடந்தது அநியாயம். 1559 ஜூன் 30, பாரிஸில் ஈட்டிப் போட்டி. எதிராளியின் ஈட்டி முறிந்து சிம்பு மன்னரின் கண்ணுக்கு மேலே பாய்ந்தது. பத்து நாள் கிடந்து இறந்தார். அத்தனை நாளும் டயானை உள்ளே விடவில்லை ராணி கேதரின் டி மெடிசி. பிறகு நகைகளைத் திரும்பக் கேட்டார், செனொன்சோ மாளிகையையும் வாங்கிக்கொண்டார். இருபது வருடத்துக்கு மேல் கூட இருந்தவருக்கு இதுதான் மரியாதையா?

கணக்குப்பிள்ளை
சரி, அந்த மாளிகை டயான் கைக்கு எப்படி வந்தது? அதைக் கட்டிய பொஹியே குடும்பம் கஜானா பாக்கிக்காக 1535-இல் அரசரிடம் ஒப்படைத்த சொத்து அது. 1547-இல் பட்டத்துக்கு வந்த கையோடு ஹென்றி அதை டயானுக்குத் தூக்கிக் கொடுத்தார். அரச சொத்தைத் தானம் செய்யச் சட்டம் இடம் கொடுக்காது. எனவே பழைய ஒப்படைப்பே செல்லாது என்று தீர்ப்பு வாங்கி, சொத்தைப் பொஹியே பெயருக்கே திருப்பி, ஏலத்துக்குக் கொண்டுவந்து, டயானே எடுத்தார். இந்தச் சாமர்த்தியத்துக்கு முன்னால் கேதரின் குழந்தை! அவர் பதிலுக்கு ஷோமோன் மாளிகையையாவது கொடுத்தார்.

சாம்பல்புறா
செனொன்சோவில் ஷெர் ஆற்றின் மேல் பாலம் கட்டியது யார்? கட்டடக் கலைஞர் பிலிபேர் தெ லோர்மை வைத்து டயான் கட்டியது. கேதரினின் புகழ்பெற்ற மாடக்கூடம் அதன் தலையில்தான் நிற்கிறது. இன்னொன்று: கல்யாணமாகிப் பத்து வருடம் கேதரினுக்குக் குழந்தை இல்லை, தள்ளி வைக்கலாம் என்று அரண்மனையில் பேச்சு. அப்போது ஹென்றியை மனைவியிடம் அனுப்பியதே டயான்தான்.

கணக்குப்பிள்ளை
அனுப்பாமல் என்ன செய்வார்? கேதரின் போய் அழகான புது ராணி வந்தால் முதலில் ஆட்டம் காண்பது டயானின் இடம். பாலம் கட்டிய காசும் சொந்தக் காசா? புது மன்னர் வந்தால் அதிகாரிகள் பதவியை உறுதி செய்துகொள்ளக் கட்டும் பணம் டயானுக்குத்தான் போனது.

மருந்துக்கடை
சண்டைக்கு நடுவே ஒன்று. டயான் மன்னரைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். டயானின் எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பார்த்தவர்கள் 2009-இல் முடிவை வெளியிட்டார்கள்: தலைமுடியில் ஏகப்பட்ட தங்கம். இளமைக்காகத் தங்கம் கலந்த மருந்து குடித்திருக்கிறார், நம் ஊர் தங்க பஸ்பம் மாதிரி. அதுவே உடம்பைக் கெடுத்திருக்கலாம் என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை
அதுவும் யார் வீட்டுத் தங்கமோ! பழிவாங்கும் எண்ணம் இருந்திருந்தால் டயானின் இன்னொரு மாளிகையான ஆனேவையும் கேதரின் விட்டிருக்க மாட்டார். 1566-இல் சாகும்வரை டயான் அங்கே நிம்மதியாகத்தான் இருந்தார்.

சாம்பல்புறா
விட்டதற்குக் காரணம் இரக்கம் என்று நினைக்கிறீர்களா? ஆனே டயானின் மறைந்த புருஷன் வழிச் சொத்து. அது போக, டயானின் இளைய மருமகன் கீஸ் என்ற செல்வாக்கான பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. புது மன்னரான கேதரினின் மகனுக்கு 15 வயது, ஆட்சி முழுக்கக் கீஸ் சகோதரர்கள் கையில். அவர்கள் சம்பந்தியைக் கேதரின் எப்படித் தொடுவார்?