காசு கட்டிச் சேரும் பேஸ்பால் ஷோகேஸ்களால் கல்லூரி வாய்ப்பு கிடைக்குமா?

டாலஸ் அப்பா:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் டெக்சஸில் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளி அணியிலும், வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் ஒரு டிராவல் அணியிலும் கேட்சராக (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போல) ஆடுகிறான். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பாலின் விதிகளையே அவனிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன் என்பதால், கல்லூரி அணிகள் ஆட்களை எப்படி எடுக்கின்றன என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சென்ற வாரம் அவன் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஜனவரியில் அரிசோனாவில் நடக்கவிருக்கும் ஒரு ஷோகேஸுக்கு (கட்டணம் கட்டி வீரர்கள் தங்கள் திறனைக் காட்டும் நிகழ்வு) அவன் தெரிவு செய்யப்பட்டிருப்பதாகவும், முதல் பிரிவுக் கல்லூரிகள் (கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் உச்சமானது) பலவற்றின் கண்ணில் படுவதற்கு இது அரிய வாய்ப்பு என்றும் அதில் எழுதியிருந்தார்கள். கட்டணம் 650 டாலர். விமானச் சீட்டும் விடுதியும் சேர்ந்தால் இருவருக்கும் 1,800 டாலரைத் தாண்டிவிடும். அணியின் மற்ற பெற்றோரோ, இதற்கெல்லாம் போகாவிட்டால் பையன் இருப்பதே எவருக்கும் தெரியாமல் போய்விடும் என்கிறார்கள். இதுவரை ஒரு கல்லூரிப் பயிற்சியாளர்கூட அவனுக்கு எழுதவில்லை என்பதும் மனத்தை உறுத்துகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: இது முதலீடா, வீண் செலவா?

மூன்றாம் பிரிவுத் தந்தை:

வணக்கம் ஐயா. முதலில் தங்கள் மன உறுத்தலைத் தீர்த்துவிடுகிறேன். தங்கள் மகனுக்கு முதல் பிரிவுப் பயிற்சியாளர் எவரும் எழுதாததற்குக் காரணம் அவனிடம் இல்லை, விதியில் இருக்கிறது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2023இல் மாற்றிய விதிப்படி, பதினோராம் வகுப்பு தொடங்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 வரை முதல் பிரிவு பேஸ்பால் பயிற்சியாளர்கள் ஒரு மாணவனுடன் அணியில் சேர்ப்பது குறித்துப் பேசவோ எழுதவோ கூடாது. அவன் அவர்களுக்கு எழுதலாம், அவர்கள் படிப்பார்கள், பதில்தான் வராது. அந்த மௌனத்துக்கு அஞ்சி எத்தனையோ பெற்றோர் பணப்பையைத் திறக்கிறோம். நானும் திறந்திருக்கிறேன்.

அடுத்தது, ஜனவரி. என்.சி.ஏ.ஏ. நாட்காட்டியில் குளிர்காலத்தின் பெரும்பகுதி முதல் பிரிவு பேஸ்பாலுக்கு அமைதிக் காலம். அந்த மாதங்களில் பயிற்சியாளர்கள் தங்கள் வளாகத்துக்கு வெளியே சென்று எந்தப் பையனின் ஆட்டத்தையும் மதிப்பிடக் கூடாது. ஆகவே தனியார் மைதானத்தில் நடக்கும் ஜனவரி ஷோகேஸில் முதல் பிரிவுப் பயிற்சியாளர் நேரில் வந்து நிற்க வழியே இல்லை. மூன்றாம் பிரிவும் ஜூனியர் கல்லூரிகளும் (ஈராண்டுக் கல்லூரிகள்) வேறு விதிகளின்கீழ் இயங்குவதால் அங்கிருந்து சிலர் வரக்கூடும். "கண்ணில் படுவதற்கு" என்று எழுதியவர்கள், நிகழ்வுக்குப் பின் இணையத்தில் ஏற்றும் எண்களும் காணொளியும் முதல் பிரிவுப் பயிற்சியாளர்களின் கண்ணில் படும் என்ற பொருளில் எழுதியிருக்கலாம். அதற்கு அரிசோனா வரை போக வேண்டியதில்லை.

அப்படியானால் ஷோகேஸ் எதற்குத்தான் பயன்படுகிறது? அது ஓர் எடைமேடை. 60 கஜ ஓட்டத்தை எத்தனை நொடியில் முடிக்கிறான், மட்டையிலிருந்து பந்து எத்தனை மைல் வேகத்தில் கிளம்புகிறது, கேட்சராக இருந்தால் கையுறையில் விழுந்த பந்து இரண்டாம் தளத்தில் நிற்பவரிடம் எத்தனை நொடியில் போய்ச் சேருகிறது என்பவற்றை மூன்றாம் மனிதர் ஒருவர் அளந்து பதிவு செய்கிறார். அப்பா கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்துச் சொல்லும் எண்ணைவிட அதற்கு மதிப்பு அதிகம். கேட்சர்களுக்கு அந்த 'பாப் டைம்' 2.0 நொடியை ஒட்டியிருந்தால் முதல் பிரிவினர் நிமிர்ந்து பார்ப்பார்கள். மட்டையாளரும் ஓட்டக்காரரும் இல்லாத மைதானத்தில் இரண்டடி முன்னால் பாய்ந்து பந்தைப் பிடித்து அந்த எண்ணைக் குறைத்துக் காட்டும் வித்தை எல்லாப் பையன்களுக்கும் தெரியும்; பயிற்சியாளர்களுக்கும் தெரியும் என்பதைப் பையன்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

எண்கள் இன்னும் தேறாத நிலையில் எடைமேடையில் ஏறுவது நல்லதல்ல. என் மகன் பத்தாம் வகுப்பில் 7.6 நொடியில் ஓடியது ஒரு நிறுவனத்தின் தளத்தில் பதிவாகி, அடுத்த ஆண்டு அவன் 7.1 நொடிக்கு வந்த பிறகும் அந்தப் பழைய எண்ணே தேடலில் முதலில் வந்து நின்றது. அந்த நிகழ்வுக்கும் காசு கட்டியவன் நான்தான்.

நெப்ராஸ்கா அம்மா:

மேலே எழுதியவரின் கருத்தில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் பெருநகரத்தின் பெரிய பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்களின் கண்ணோட்டம் அது என்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊர்ப் பள்ளியில் மாணவர் மொத்தமே இருநூறு பேர்தான். பள்ளி ஆட்டங்களைப் பார்க்க எந்தக் கல்லூரியிலிருந்தும் எவரும் வந்ததில்லை, எதிரணியில் நல்ல மட்டையாளர்கள் இல்லாததால், என் மகன் இடது கையால் வீசி எடுத்த விக்கெட்டுகளுக்கும் (மன்னிக்கவும், எனக்கும் கிரிக்கெட் வாய், ஸ்ட்ரைக் அவுட்டுகளுக்கும்) எவரும் பெரிய மதிப்புத் தரவில்லை. பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் அவன் கலந்துகொண்ட ஒரே ஒரு ஷோகேஸில் ரேடார் கருவி 86 மைல் காட்டியது. இன்று அவன் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் வீசுகிறான்.

நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவனை எடுத்த பயிற்சியாளர் அன்று அவனைத் தற்செயலாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே என் மகன் இருபது கல்லூரிகளுக்குக் காணொளியும் மதிப்பெண் பட்டியலும் வைத்து எழுதியிருந்தான். மூவர் பதில் போட்டார்கள். அவர்களுள் ஒருவர், "அந்த நிகழ்வுக்கு நான் வருவேன், எந்த மைதானத்தில் எப்போது வீசுகிறாய்" என்று கேட்டிருந்தார். அறுபது எழுபது பையன்கள் நின்ற இடத்தில் அவர் வந்து பார்த்தது நாலைந்து பேரைத்தான். கையில் பட்டியல் வைத்திருந்தார், அந்தப் பெயர்களுக்கு நேரே குறித்துக்கொண்டார், மதியத்துக்குள் கிளம்பிவிட்டார். பட்டியலில் இல்லாத பையன்களும் நாங்கள் கட்டிய அதே கட்டணத்தைத்தான் கட்டியிருந்தார்கள்.

பழைய ஷார்ட்ஸ்டாப்:

கல்லூரியில் ஆடியவன், இப்போது பிசியோதெரபி துறையில் இருப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

ஒன்று, இடங்களின் கணக்கு. முன்பு முதல் பிரிவு பேஸ்பால் அணி ஒன்றுக்கு 11.7 முழு உதவித்தொகைகள் மட்டுமே உண்டு. அதை 27 பேர் வரை பங்கிட்டுக்கொள்வார்கள். 2025–26 முதல், கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கின் தீர்வின்படியான புதிய ஏற்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு நீங்கிவிட்டது. மாறாக அணியில் 34 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதோடு 2021 முதல் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு முதன்முறை மாறுவோர் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை. அதே ஆண்டில் எம்.எல்.பி. (அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் லீக்) அணிகள் இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்டும் 20 சுற்றுகளாகச் சுருங்கியது (2019 வரை 40 சுற்றுகள்). விளைவாக, பதினேழு வயதுப் பையனின் வளர்ச்சிக்குக் காத்திருப்பதற்குப் பதில், ஏற்கெனவே கல்லூரியில் ஆடித் தேறிய இருபத்தொரு வயது வீரனையே பல பயிற்சியாளர்கள் எடுக்கிறார்கள். ஷோகேஸ் விளம்பரங்களில் இந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை. மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அங்கே வகுப்பறை மதிப்பெண்தான் பணமாக மாறும்.

இரண்டு, தோள்பட்டையும் முழங்கையும். ஷோகேஸில் ஒருவன் வீசுவது பத்துப் பதினைந்து பந்துகள்தான், ஆனால் ஒவ்வொன்றையும் ரேடார் எண்ணுக்காக முழு வேகத்தில் வீசுகிறான். எம்.எல்.பி.யும் அமெரிக்க தேசிய அமைப்பான யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல், 15 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் போட்டிப் பந்துவீச்சைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. ஓய்வெடுக்க வேண்டிய குளிர்காலத்தில்தான் இந்த அழைப்புகள் குவிகின்றன. 2024 டிசம்பரில் எம்.எல்.பி. வெளியிட்ட பந்துவீச்சாளர் காய ஆய்வும் சிறுவயதிலேயே வேகத்தைத் துரத்துவதைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. கேட்சர்தானே என்று இருந்துவிடாதீர்கள். ஆட்டம் முழுக்கப் பந்தைத் திருப்பி எறிபவன் அவன், பாப் டைமுக்காகக் கையை முறுக்கி எறிபவனும் அவன்தான்.

டாலஸ் அப்பா:

மூவருக்கும் மிக்க நன்றி. நெப்ராஸ்கா அம்மா சொன்னதை வைத்து நிகழ்வு நடத்துபவர்களைத் தொலைபேசியில் அழைத்து, ஜனவரியில் எந்தக் கல்லூரியிலிருந்து யார் வருகிறார்கள் என்று நேரடியாகக் கேட்டேன். கடந்த ஆண்டுகளில் வந்திருந்த கல்லூரிகளின் பட்டியல் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார்கள். இந்த ஆண்டு என்று நான் மறுபடி கேட்டதும், கட்டணத்தில் 75 டாலர் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். போவதாக இல்லை.

இன்னொரு ஐயம். எங்களுக்கு மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அவர்கள் வளாகத்திலேயே நடக்கும் குளிர்கால முகாமுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதற்காவது போகலாமா?

மூன்றாம் பிரிவுத் தந்தை:

அது வேறு வகை. சொந்த வளாக முகாமில் அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர்களே இருப்பார்கள். அமைதிக் காலத்திலும் அதற்குத் தடையில்லை. ஆனால் அத்தகைய முகாம்கள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது என்.சி.ஏ.ஏ. விதி, இடங்களின் எண்ணிக்கை, வயது, வகுப்பு போன்றவற்றை மட்டுமே வைத்து வரம்பு கட்டலாம். ஆகவே அழைப்பு வந்ததால் அவனை விரும்புகிறார்கள் என்று பொருள் கொள்ள வேண்டாம். அந்த அணியில் இப்போதுள்ள கேட்சர்கள் எத்தனை பேர், அவன் கல்லூரிக்குப் போகும் ஆண்டில் அவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்து வெளியேறியிருப்பார்கள் என்பது அவர்களின் இணையதளத்திலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, பொருந்தினால், முகாமுக்கு மூன்று வாரம் முன்பாக அவனே தன் கையால் ஒரு மின்னஞ்சல் எழுதட்டும்: பிறந்த ஆண்டு, உயரம், எடை, மதிப்பெண், பாப் டைம், இரண்டு நிமிடக் காணொளி. தாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். அப்பா எழுதிய மின்னஞ்சலை முதல் வரியிலேயே அடையாளம் கண்டுவிடுவார்களாம். என் மகனை எடுத்த பயிற்சியாளர் பிறகு என்னிடமே சொல்லிச் சிரித்தார்.