ஸ்காண்டிநேவிய மொழிகளில் முதுகலை: மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு

படித்த காலத்தில் மறக்க முடியாத சந்திப்பு எது என்ற கேள்விக்கு, இந்தத் துறையில் படித்தவர்கள் புனைபெயர்களில் எழுதிய பதில்கள்.

வெந்நீர்வாசி, ரெய்க்யவிக்

ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இடைக்கால நோர்ஸ் இலக்கியம் படித்த காலத்தில், மாலை வேளைகளில் பொது நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் அமர்வது என் வழக்கம். ஒருநாள், கழுத்தளவு நீரில் இருந்த மூதாட்டி ஒருவர் என் படிப்பைப் பற்றி விசாரித்தார். நியாலின் சாகா என்ற பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதை என்றேன். "அப்படியானால் சொல்லுங்கள், ஹால்கெர்த் தன் கூந்தலைக் கொடுத்திருக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கதையில், பகைவர் சூழ்ந்த வேளையில் வில்லின் நாண் அறுந்ததும், குன்னார் என்ற வீரன் புது நாண் திரிக்கத் தன் மனைவி ஹால்கெர்த்திடம் இரண்டு பிரி கூந்தல் கேட்கிறான்; முன்பு அவன் அறைந்ததை நினைவூட்டி அவள் மறுக்கிறாள். நான் கையெழுத்துப் படிகளின் பாட வேறுபாடுகளைச் சொல்லத் தொடங்கினேன். அவர் ஈரக் கையை உயர்த்தி என்னை நிறுத்தி, "அது இருக்கட்டும். பஞ்ச காலத்தில் பாலாடைக்கட்டியைத் திருடச் செய்தாள் என்பதற்காக, விருந்தினர் முன்னிலையில் ஒரு பெண்ணை அறையலாமா?" என்றார். தொட்டியில் இருந்த மற்றவர்கள் அந்த நொடியே கட்சி பிரிந்துவிட்டார்கள். என் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த அம்மாளுக்கு ஏற்ற விடை இன்றுவரை என்னிடம் இல்லை.

பழஞ்சுவடி, கோபன்ஹேகன்

பாஞ்சாலியின் கூந்தலுக்கு நாம் நடத்தாத பட்டிமன்றமா? ஆனால் ஸ்காண்டிநேவியப் படிப்பு என்றாலே சாகாக்கள் என்று எல்லாரும் எண்ணுவதுதான் எனக்கு வருத்தம். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியனுக்குப் பொன்னேட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் டென்மார்க் தேசிய ஆவணக்காப்பகத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனித் தாள்களைப் படிக்க டேனிய மொழி மட்டும் போதாது. e, n, r ஆகிய எழுத்துகள் மூன்றும் ஒரே கோட்டு வரிசையாகத் தெரியும் கோதிக் கையெழுத்தையும் தனியாகப் பயில வேண்டும்.

அந்தக் கையெழுத்தை நாளிதழ் போல வாசிக்கும் டேனிய மாணவர் ஒருவர், ஒரு நாள் தம் தாளை என் மேசைக்குக் கொண்டுவந்து, அடியில் இருந்த கிறுக்கல் என்னவென்று கேட்டார். அது புள்ளி வைக்காமல் எழுதிய ஒரு தமிழ்க் கையொப்பம். முதல் இரண்டு எழுத்துகளுக்கு மேல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதன்பின் அவர் வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லை.

கணக்குப்பிள்ளை, மேடிசன்

என் அனுபவம் சிறியது: சேர்க்கை நேர்காணலில், "இதைப் படித்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்ட பேராசிரியரே, "நானும் இதைத்தான் படித்தேன்" என்று சிரித்துவிட்டார்.

இனி வருபவர்களுக்குச் சில சொற்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் டென்மார்க் 2006இலும், சுவீடன் 2011இலும், நார்வே 2023இலும் கல்விக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன. ஆகவே "அங்கே படிப்பு இலவசம்" என்று உறவினர் சொல்வதை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். அமெரிக்காவில் பெர்க்லி, சியாட்டில் ஆகிய இடங்களில் தனித்துறைகள் உண்டு; எங்கள் விஸ்கான்சினில் ஜெர்மன், சிலாவிய மொழிகளோடு சேர்ந்த ஒரே துறைக்குள் இது அடங்கும். இளநிலை மாணவர்களுக்கு மொழி கற்பிக்கும் உதவித்தொகை கிடைத்தால் செலவு பெருமளவு குறையும். அதற்கு ஒரு மொழியையாவது சரளமாகப் பேச வேண்டும். எந்த மொழி என்று கேட்டால், நார்வேஜியன் மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் பெரும்பான்மையோர் எழுதும் பூக்மோல் என்பேன். அதைக் கற்றவர் டேனிய நூலைப் பெரும் சிரமமின்றி வாசிப்பார், சுவீடியப் பேச்சையும் ஓரளவு பின்தொடர்வார். மற்ற வடிவமான நீநோர்ஸ்க் பக்கம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பேர்கன் தங்கச்சி

கணக்குப்பிள்ளை அண்ணா, கட்டணம் பற்றி நீங்கள் சொன்னது சரி. கடைசி வரியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு நோர்வேயில் பிறந்து, இங்கே நோர்டிஸ்க் என்று சொல்லும் ஸ்காண்டிநேவிய மொழி இலக்கியத்தில் முதுகலை படித்தவள் நான். ஆசிரியப் பயிற்சிக்காக ஒஸ்லோப் பள்ளி ஒன்றுக்குச் சென்றபோது, நீநோர்ஸ்க் கட்டுரை எழுதச் சொன்னதும் வகுப்பே முனகியது, "இதை யார் பேசுகிறார்கள்?" என்று ஒருவன் சத்தமாகக் கேட்டான். பின்வரிசையில் இருந்த மாணவி, "எங்கள் வீட்டில் எல்லோரும் இதில்தான் எழுதுவோம்" என்று மேற்கு நோர்வேயின் சுன்மோரே வட்டார வழக்கிலேயே சொன்னாள். வகுப்பில் சிலர் அவளது உச்சரிப்பைப் போலி செய்து சிரித்தார்கள். அவள் அதன்பின் அந்த நேரம் முழுவதும் ஒஸ்லோப் பேச்சிலேயே பதில் சொன்னாள்.

1885ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் இரண்டு எழுத்து வடிவங்களுக்கும் சம உரிமை வழங்கிவிட்டது. 2023இல் நோபெல் பரிசு பெற்ற யூன் ஃபோசே எழுதுவது நீநோர்ஸ்கில்தான். அவரை மூலத்தில் வாசிக்க முடியாத ஒருவருக்கு எந்தத் துறை நோர்டிஸ்க் பட்டம் கொடுக்கும் என்று சொல்லுங்கள் அண்ணா, அங்கேயே நானும் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறேன்.