ஆப்ஜெக்ட் டயகிராமால் வணிகச் செயல்முறையை வரைய முடியுமா?

புதுவரவு:
ஆர்டர் வருவதிலிருந்து பணம் வரவாகும் வரை நடப்பதை யூ.எம்.எல்.லில் (மென்பொருளையும் செயல்முறைகளையும் வரைந்து காட்டும் குறியீட்டு முறை) வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஆர்டர், இன்வாய்ஸ், வாடிக்கையாளர் எல்லாவற்றையும் ஆப்ஜெக்ட் டயகிராமில், அதாவது குறிப்பிட்ட பொருள்களையும் அவற்றின் தொடர்புகளையும் காட்டும் படத்தில், போட்டுவிட்டேன். எது முன்னால், எது பின்னால் என்பது மட்டும் தெரியவில்லை. கோடுகளின் மேல் அம்புக்குறி போட்டு 1, 2, 3 என எண் கொடுக்கலாமா?

கட்டமும்கோடும்:
கொடுத்தால் அது, பொருள்களுக்கிடையே போகும் செய்திகளை வரிசை எண்ணோடு காட்டும் கம்யூனிகேஷன் டயகிராம் ஆகிவிடும். யூ.எம்.எல். 2 வருவதற்கு முன்பு அதற்குக் கொலாபரேஷன் டயகிராம் என்று பெயர். வரிசையும் கிளைகளும்தான் வேண்டுமென்றால் ஆக்டிவிட்டி டயகிராம் (வேலைகளின் ஓட்டத்தைக் காட்டும் யூ.எம்.எல். படம்) அல்லது பி.பி.எம்.என். (வணிகச் செயல்முறைகளை வரைவதற்கான தனிக் குறியீட்டு முறை) போதும். ஆப்ஜெக்ட் டயகிராமைத் தூக்கிப் போடுங்கள்.

பழையகணக்கு:
தூக்கிப் போட வேண்டாம், ஐயா! அது ஒரு நொடியின் நிலவரம்; வரிசையைக் காட்டாதுதான். ஆனால் செயல்முறைப் படம் மூடி மறைப்பதை அது வெளியே இழுத்துப் போடும்.

'பணம் பெறு' என்று ஒரு கட்டம் வரைந்தால் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதே இடத்தில் உண்மையான மதிப்புகளை, 'பெயர் : வகை' என்ற முறையில், ஆப்ஜெக்ட் டயகிராமில் போட்டுப் பாருங்கள். இன்வாய்ஸ்41 : இன்வாய்ஸ், தொகை = 6000. இன்வாய்ஸ்42 : இன்வாய்ஸ், தொகை = 4000. வரவு8 : வரவு, தொகை = 9400. வாடிக்கையாளர் இரண்டுக்கும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார். பொருள்களின் வகைகளையும் (கிளாஸ்) அவற்றின் தொடர்பு விதிகளையும் காட்டும் கிளாஸ் டயகிராமில் ஒரு வரவுக்கு ஒரு இன்வாய்ஸ் என்று எழுதியிருந்தால் இரண்டாவது கோட்டை இழுக்கவே முடியாது. அதைத் திருத்தி இழுத்தாலும், குறையும் 600 எந்த இன்வாய்ஸின் பாக்கி? வெறும் கோட்டில் அதை எழுத இடமில்லை. எந்த இன்வாய்ஸுக்கு எவ்வளவு என்று பதிய நடுவில் 'ஒதுக்கீடு' என்றொரு கிளாஸ் தேவை என்பது அப்போதுதான் புரியும். கணக்குப் பிரிவில் அதை யார் முடிவு செய்கிறார் என்ற கேள்வியும் தானாக எழும். செயல்முறையில் விடுபட்ட வேலை அதுதான்.

ஒரு படியின் முன் நிலைக்கு ஒரு படம், பின் நிலைக்கு ஒரு படம் வரையுங்கள். இடையே என்ன மாறியதோ அதுவே அந்தப் படி செய்ய வேண்டியது.

புதுவரவு:
அப்படியானால் ஒவ்வொரு படிக்கும் இரண்டு படமா?

பழையகணக்கு:
வேண்டவே வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். பகுதி டெலிவரி, திரும்பி வந்த சரக்கு, குறைவாக வந்த பணம் போல வாக்குவாதம் வரும் இடங்களுக்கு மட்டும் போடுங்கள். மற்றவற்றுக்கு ஆக்டிவிட்டி டயகிராமே போதும். அதில் நண்பர் சொன்னது சரி.