எச்எம்டி ஜனதா வாட்ச் ஒரு மணி நேரத்துக்கு நாலு நிமிஷம் முந்துகிறது, என்ன செய்யலாம்?

மரகதம்_79

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் எச்எம்டி ஜனதா வாட்ச் பற்றி ஒரு சந்தேகம். தினமும் சாவி கொடுக்கிற ஸ்டீல் வாட்ச். வெள்ளை டயல், 17 ஜுவல்ஸ் (சக்கர அச்சுகள் தேயாமல் சுழல உள்ளே வைக்கிற சின்னக் கற்கள்). 1979 ஆவணியில் அப்பா கல்யாணத்துக்கு அம்மாவின் அப்பா வாங்கிப் போட்டது. பெட்டி, கேரண்டி அட்டை, கடை சீல் போட்ட பில் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. அட்டையில் வாங்கியவர் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இல்லை, தாத்தா பெயர்தான் இருக்கிறது, பச்சை மையில்.

அப்பா தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. அதுவரைக்கும் தினமும் கட்டியிருந்தார். அப்புறம் பீரோவுக்குப் போனது. போன மாதம் எடுத்துச் சாவி கொடுத்துப் பார்த்தேன், ஒரு நிமிஷம் ஓடி நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். பின்மூடியைத் திறந்து, ஊசி போட்ட சின்ன பாட்டிலில் இருந்து ரெண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டார், மூடிக் கையில் கொடுத்துவிட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. 150 ரூபாய்.

அன்றைக்கு நன்றாக ஓடியது. மறுநாளில் இருந்து ஒரே ஓட்டம். காலை 6 மணிக்கு ஃபோனைப் பார்த்துச் சரியாக வைத்தால் 7 மணிக்கு 7.04 காட்டுகிறது. சாயங்காலம் ஆறுக்கு 6.48. திரும்பப் போனேன். திறந்து உள்ளே எதையோ நெம்பினார், பெரிதாக மாற்றமில்லை. "பழைய மிஷின்மா, இதெல்லாம் இனிமே சரிப்படாது. உள்ளே குவார்ட்ஸ் மிஷின் போட்டுடலாம், டயலும் புதுசா மாத்திடலாம், 900 ஆகும்" என்றார். மனசு வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் இப்படி முந்துகிறது? டயல் ஓரத்தில் லேசாகப் பழுப்பு ஏறியிருக்கிறது, அதை மாற்றலாமா? அப்புறம், அட்டை மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது, லேமினேட் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். யாராவது சொல்லுங்கள்.

சேலத்துப்பையன்

அக்கா, சாவியை ரொம்ப இறுக்கிக் கொடுத்திருப்பீங்க. ஓவர் வைண்டிங். ரெண்டு நாள் அப்படியே விட்டால் ஸ்பிரிங் தளர்ந்து சரியாகிவிடும்.

ஐந்து_டிக்

தம்பி, அப்படியில்லை. சாவியை அது நிற்கிற வரைக்கும் கொடுப்பதுதான் முறை. "ஓவர் வைண்டிங்" என்பது பாதி நேரம் கடைக்காரர் சொல்கிற சாக்கு. ஸ்பிரிங் முழுதாக ஏறியும் வாட்ச் ஓடவில்லை என்றால், உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகி, ஸ்பிரிங்கின் விசை கடைசி வீல் வரைக்கும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒன்பது வருஷம் பீரோவில் இருந்த வாட்ச் ஒரு நிமிஷத்தில் நின்றது அதனால்தான்.

முந்துவது வேறு கதை. ஜனதாவில் இருக்கிற 0231 மிஷின் மணிக்கு 18,000 தட்டு தட்டும், அதாவது நொடிக்கு ஐந்து டிக். மணிக்கு நாலு நிமிஷம் முந்த வேண்டுமானால் 1,200 டிக் கூடுதலாக அடிக்க வேண்டும். சாவியைக் கூடக் கொடுத்ததால் வருகிற வித்தியாசம் இல்லை இது. உள்ளே இப்படியும் அப்படியும் ஆடுகிற சக்கரம்தான் பாலன்ஸ் வீல். அது எவ்வளவு வேகமாகப் போய் வர வேண்டும் என்று தீர்மானிப்பது அதோடு இருக்கிற மெல்லிய சுருள், ஹேர் ஸ்பிரிங். அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் குட்டையானது போல ஆகிவிடும். குட்டையான ஸ்பிரிங் விறைப்பு, விறைப்பானால் வேகம்.

ஒட்டிக்கொள்ள ரெண்டு காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது. ஒன்று காந்தம், இன்னொன்று எண்ணெய். வாட்சை டேப்லெட் கவர், காந்தப் பூட்டு வைத்த கைப்பை, ஸ்பீக்கர் எதன் பக்கத்திலாவது வைத்தீர்களா?

முதலில் காந்தத்தைப் பார்த்துவிடுங்கள், செலவில்லை. முள் வைத்த நிஜமான திசைகாட்டி ஒன்று வேண்டும், ஃபோனில் இருப்பது வேண்டாம். மேஜைமேல் வைத்து, வாட்சின் 12, 3, 6, 9 பக்கங்களை ஒவ்வொன்றாக முள்ளின் ஒரே முனைக்கு அருகில் கொண்டுபோங்கள். எந்தப் பக்கம் காட்டினாலும் முள் லேசாக இழுபட்டால் அது வெறும் இரும்பின் குணம், உள்ளே ஸ்டீல் பாகங்கள் இருக்கின்றன. ஏதாவது ஒரு பக்கத்தில் முள் விலகித் தள்ளிப் போனால்தான் காந்தம் ஏறியிருக்கிறது. இழுப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள், தள்ளுவதுதான் சாட்சி.

மரகதம்_79

டேப்லெட் பக்கம் வைத்ததாக ஞாபகமில்லை. பையனின் பள்ளிக்கூட அறிவியல் சாமான்களில் ஒரு சின்ன திசைகாட்டி கிடைத்தது. நாலு பக்கமும் ரெண்டு தடவை பார்த்தேன். எல்லாப் பக்கமும் லேசாக இழுக்கிறது. எங்கேயும் தள்ளவில்லை.

ஐந்து_டிக்

அப்படியானால் காந்தத்தை விட்டுவிடலாம். ரெண்டு மூன்று சொட்டு எண்ணெய் என்றீர்களே, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

கடைவீதி_குமார்

எங்கள் அப்பா நாற்பது வருஷம் வாட்ச் மெக்கானிக். இப்போது கண் சரியில்லை, கடையை மூடிவிட்டார். இதைப் படித்துக் காட்டினேன். "சொட்டு" என்று வந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னதைத் தட்டுகிறேன்.

"வாட்சுக்கு எண்ணெயைச் சொட்டு சொட்டாக விடுவார்களா? ஊசி முனையில் தொட்டு, கல்லுக் குழியில் வைக்க வேண்டும். கண்ணாடி போட்டால்தான் அது தெரியும். ஹேர் ஸ்பிரிங் எண்ணெய் படவே கூடாத இடம். பழைய பிசினைக் கழுவாமல் மேலே புது எண்ணெய் விட்டால் ஒரு நாள் ஓடும். அப்புறம் அந்த எண்ணெய் பரவி எங்கே போகக் கூடாதோ அங்கே போகும்."

"ரெண்டாம் தடவை நெம்பினார் என்கிறாயே அம்மா, அது ரெகுலேட்டர். பாலன்ஸ் மேலே சின்னக் கை மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் தள்ளினால் வேகம், அந்தப் பக்கம் தள்ளினால் மந்தம். ஒரு நாளைக்கு ரெண்டு மூன்று நிமிஷம் வித்தியாசம் இருந்தால் அதைத் தள்ளிச் சரி பண்ணலாம். மணிக்கு நாலு நிமிஷத்துக்கு அதைத் தள்ளினது, காய்ச்சல்காரனுக்கு விசிறின மாதிரி. வேறு யாரிடமாவது திறந்து பார்க்கச் சொல். அந்தக் கை மந்தப் பக்கக் கோடியில் நின்றால் நான் சொல்வது சரி."

(என் தரப்பில் ஒன்று. முழுசாகக் கழற்றி சர்வீஸ் செய்வதற்கு இங்கிலீஷில் "ஓவர்ஹால்" என்று பெயர், நம் ஊரில் அதை "ஓவராயில்" என்கிறோம், சைக்கிள் கடையில் இருந்து வாட்ச் கடை வரைக்கும். அந்தச் சொல்லில் ஆயில் இருப்பதால் எண்ணெய் விட்டால் போதும் என்று சிலர் நினைத்துவிட்டார்கள் போல.)

செங்கல்பட்டு_சேகரம்

மிஷினைக் குமாரின் அப்பா பார்த்துக்கொள்வார். நான் டயலுக்கு வருகிறேன். தயவுசெய்து மாற்றாதீர்கள்.

எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை ஆரம்பித்தது. 2016-ல் மத்திய அரசு எச்எம்டி வாட்சஸை மூட முடிவெடுத்தது. இனி அந்த டயல் எங்கிருந்தும் வரப்போவதில்லை. இப்போது இணையத்தில் "புத்தம் புது" ஜனதா என்று நீலம், ஆரஞ்சு, கிளிப்பச்சை என விற்பதில் பெரும்பாலானவை பழைய டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்தவை. எழுத்து தடித்திருக்கும், நிமிஷக் கோடுகள் முள்ளோடு பொருந்தாது. உங்களுடையதில் ஓரப் பழுப்பு 47 வருஷத்தின் பழுப்பு. எனக்கு அது அழுக்காகத் தெரியவில்லை. ஒரே வீட்டில், பெட்டி, அட்டை, பில்லோடு, டயல் தொடாமல் இருக்கிற ஜனதா தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. குவார்ட்ஸ் மிஷின் பற்றி நான் பேச விரும்பவில்லை, ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

கேஸில் கீறல் இருந்தால் பாலிஷ் போடச் சொல்லாதீர்கள், விளிம்பெல்லாம் மழுங்கிவிடும்.

லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. முதலில் ரெண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வையுங்கள். அப்புறம் மடிக்காமல், டேப் ஒட்டாமல், ஒரு வெள்ளைக் காகித உறைக்குள் வைத்து வெயில் படாத இடத்தில் வையுங்கள். தாத்தா எழுதின பச்சை மைக்கு வெயில் ஆகாது. பெட்டிக்குள்ளே ஸ்பாஞ்சு இருந்தால் அதை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் வாட்சை அதில் வைக்காதீர்கள், தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள்.

மரகதம்_79

ஸ்பாஞ்சு உதிர்ந்து விரலில் மஞ்சளாக ஒட்டுகிறது! இத்தனை நாள் அதில்தான் இருந்தது.

இன்று தேரடிப் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடிக் கூண்டு போட்ட சின்ன மேஜை, ஒரு கண்ணில் லென்ஸ். "எதுவும் செய்ய வேண்டாம், திறந்து மட்டும் காட்டுங்கள்" என்றேன். சிரித்துவிட்டுத் திறந்தார். பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "யாரும்மா இதைக் குளிப்பாட்டினது?"

லென்ஸை என் கண்ணிலும் வைத்துக் காட்டினார். ஹேர் ஸ்பிரிங் கொசுவர்த்திச் சுருள் மாதிரி இருக்கிறது, ஆனால் தலைமுடி கனம்தான். உள்சுற்றுகள் தனித்தனியாக, ஒரே இடைவெளியில் இருந்தன. வெளிச்சுற்று ரெண்டு மட்டும் ஒரு பக்கத்தில் சேர்ந்து ஒரே கோடாகப் பளபளவென்று மின்னின. நடுவில் எண்ணெய். ரெகுலேட்டர் மந்தப் பக்கக் கோடியில்தான் நின்றது. குமார், உங்கள் அப்பா வாட்சைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் காட்டினார். பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் கீறின மாதிரி சின்னச் சின்ன எழுத்து. 4-84, 11-91, 2-03. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கிறுக்கல். சர்வீஸ் செய்த மெக்கானிக்குகள் போட்ட அடையாளமாம். 2003-க்கு அப்புறம் யாரும் கழுவவில்லை. பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர் ஒன்றும் கீறவில்லை, அதுவும் நல்லதுதான்.

முழுக்கக் கழற்றிக் கழுவ 650 கேட்டார். நாலு நாள். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், சரிதானே?

கடைவீதி_குமார்

"மூடியைப் பார்க்கச் சொன்னவர் வேலை தெரிந்தவர். கொடு" என்கிறார் அப்பா. பெட்ரோலில் கழுவும்போது ஹேர் ஸ்பிரிங்கைப் பாலன்ஸோடு தனியாகக் கழுவுவார்களாம். காய்ந்ததும் சுற்றுகள் தானாகப் பிரிந்துவிடும், வளைந்திருந்தால்தான் வேலை அதிகம். பாகம் எதுவும் போயிருந்தாலும் இன்னொரு பழைய எச்எம்டியில் இருந்து எடுத்துப் போடலாம், பயப்பட வேண்டாம் என்றார்.

மரகதம்_79

வாட்ச் வந்துவிட்டது. ஸ்பிரிங் வளையவில்லை. ரெகுலேட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஃபோனில் ஒரு டிக் அளக்கிற ஆப் போட்டு 18,000 என்று வைத்துப் பார்த்தேன், நாளைக்கு 18 நொடி கூடுதல் காட்டியது. மூன்று நாள் ஃபோனோடு ஒப்பிட்டதில் சுமார் ஒரு நிமிஷம்தான் முந்தியிருக்கிறது. முழுச் சாவிக்கு ஒன்றரை நாள் தாராளமாக ஓடுகிறது. மூடியின் உள்ளே அவரும் தேதியைக் கீறியிருக்கிறாராம், நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். டயலைத் தொடவில்லை. அட்டை உறைக்குள் போய்விட்டது.

எல்லோருக்கும் நன்றி. குமார், அப்பாவிடம் சொல்லுங்கள்.

கடைவீதி_குமார்

சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: "சாவியை எப்படிக் கொடுக்கிறாய் அம்மா? கையில் கட்டிக்கொண்டேவா?"

மரகதம்_79

ஆமாம், காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அப்படியே கொடுத்துவிடுவேன். ஏன்?

கடைவீதி_குமார்

"கட்டிக்கொண்டே கொடுத்தால் சாவி கோணலாக இழுபடும், தண்டு தேயும், ஒரு நாள் ஒடியும். கழற்றிக் கையில் பிடித்து, தினமும் ஒரே நேரத்தில் கொடு. நின்றதும் விட்டுவிடு. தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், அந்த வாஷரெல்லாம் எப்போதோ போயிருக்கும்."

மரகதம்_79

சரி ஐயா. நாளையில் இருந்து வீட்டிலேயே, காபி ஆறுகிற நேரத்தில் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன்.