பகிர்ந்த கோப்புறையில் சேமிக்க முடியவில்லை

கேள்வி: விண்டோஸ் கணினியிலுள்ள ஒரு கோப்புறையை வீட்டு மடிக்கணினியோடு பகிர்ந்து, பகிர்வில் முழு அனுமதியும் கொடுத்திருக்கிறேன், ஆயினும் கோப்புகளைத் திறக்க முடிகிறதே தவிர, மாற்றிச் சேமிக்க முடியவில்லை. என்ன காரணம்?

பதில் 1: பகிர்வு அனுமதி, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) அனுமதி என இரண்டு அடுக்குகள் உள்ளன, வலைப்பின்னல் வழியாக வருபவருக்கு இவற்றில் எது கடுமையானதோ அதுவே செல்லும். கோப்புறையின் பண்புகளில் ‘செக்யூரிட்டி’ தாவலைத் திறந்து, அந்தப் பயனருக்கு ‘மாடிஃபை’ (மாற்றும்) அனுமதி கொடுங்கள்.

பதில் 2: அதற்காக எல்லாப் பயனர்களையும் குறிக்கும் ‘எவ்ரிஒன்’ குழுவுக்கு எழுதும் உரிமையை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். பகிரும் கணினியில் கடவுச்சொல்லோடு தனிக் கணக்கு தொடங்கி, அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் வலைப்பின்னல் வழியே இயல்பாக அனுமதிக்காது.

கேட்டவர்: நன்றி, இப்போது சேமிக்க முடிகிறது. ஒரு துணைக் கோப்புறை மட்டும் இன்னும் மறுக்கிறது.

பதில் 1: மேல் கோப்புறையின் அனுமதி அதற்கு இறங்காதபடி துண்டிக்கப்பட்டிருக்கலாம். அந்தத் துணைக் கோப்புறையின் ‘செக்யூரிட்டி’ தாவலிலுள்ள ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘எனேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள்.