கதை விளையாட்டை அத்தியாயமாக விற்பதா, ஏர்லி ஆக்சஸில் விற்பதா?

அரைவட்டம்:
வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் ஒரு கதை விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். கலங்கரை விளக்கத்தில் தனியாக இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. மொத்தம் நான்கு பகுதிகள். முதல் பகுதி முடிந்துவிட்டது, இரண்டாவது பாதியில் நிற்கிறது. கையிருப்பு எட்டு மாதத்துக்குத் தாங்கும். முதல் பகுதியை முடிந்த அத்தியாயமாக இப்போதே விற்றுவிட்டு மற்றவற்றைப் பின்னால் தருவதா, இருப்பதையெல்லாம் ஏர்லி ஆக்சஸில், அதாவது முடியாத விளையாட்டாகவே விற்பனைக்குத் திறந்துவிட்டு விளையாடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டுச் செப்பனிடுவதா? எங்கள் மூவருக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை.

இரவுவிளக்கு:
ஏர்லி ஆக்சஸ்தான். சூப்பர்ஜயன்ட் நிறுவனத்தின் ஹேடிஸ் 2018 டிசம்பரில் ஏர்லி ஆக்சஸில் வந்தது, 2020 செப்டம்பரில் முழுமை பெற்றது. அதுவும் கதை நிறைந்த விளையாட்டுதானே? இடைப்பட்ட இருபத்தொரு மாதங்களில் ஆயுதங்கள், பாத்திரங்கள், உரையாடல்கள் என்று ஒவ்வொரு அப்டேட்டிலும் சேர்த்துக்கொண்டே போனார்கள். கதையின் முடிவை மட்டும் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

செங்கல்சூளை:
இரவுவிளக்கு அவர்களே, ஹேடிஸை இங்கே கொண்டுவருவது பொருந்தாது. அதில் சாவதே கதையின் பகுதி. செத்து வீடு திரும்பும் ஒவ்வொரு முறையும் யாராவது புதிதாக ஒன்றைச் சொல்வார்கள். நூறு முறை விளையாடவென்றே கட்டிய விளையாட்டு அது. பாதியில் திறந்தாலும் சுவை கெடாது. இவர்களுடைய கதை அப்படியா? நள்ளிரவில் கதவைத் தட்டுவது யார் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான். சுவர்களுக்கு வண்ணம் கூட இல்லாத, பின்னணி இசை சேராத ஒரு பதிப்பில் அந்தக் கதவைத் திறந்துவிட்டவருக்கு, பிறகு நீங்கள் எவ்வளவு அழகாகச் செய்துகொடுத்தாலும் முதல் அனுபவம் திரும்பக் கிடைக்காது.

டபுள் ஃபைன் நிறுவனத்தைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு வழிகளையும் முயன்றார்கள். கதை விளையாட்டான புரோக்கன் ஏஜின் முதல் பாதி 2014 ஜனவரியில் வந்தது, இரண்டாம் பாதி 2015 ஏப்ரலில். முதல் பாதியை வாங்கியவர்களுக்கு மீதி இலவசமாகவே கிடைத்தது. ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9 விளையாட்டை 2013 அக்டோபரில் ஏர்லி ஆக்சஸில் விட்டார்கள். ஓராண்டில் 1.0, அதாவது முழுப் பதிப்பு என்று அறிவித்து முடித்துக்கொண்டார்கள். திட்டத்தில் இருந்த பலவும் வரவே இல்லை. வாங்கியவர்கள் கொதித்தது நியாயம்.

இரவுவிளக்கு:
அத்தியாயம் அத்தியாயமாகப் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். கென்டக்கி ரூட் ஜீரோ என்ற விளையாட்டின் முதல் அங்கம் 2013 ஜனவரியில் வந்தது, ஐந்தாவது 2020 ஜனவரியில். ஏழு ஆண்டுகள்! அது அருமையான படைப்பு என்பதில் எனக்கு மறுப்பில்லை. எட்டு மாதக் கையிருப்புள்ள மூன்று பேர் ஏழு ஆண்டு தாக்குப்பிடிப்பார்களா?

இன்னொன்று என் சொந்த அனுபவம். ஒரு சிறு குழுவில் அத்தியாய விளையாட்டு ஒன்றுக்கு நிரல் எழுதினேன். முதல் அத்தியாயத்தில் ஒரு படகோட்டிக் கிழவர். விளையாடுகிறவர் கயிற்றை எறியத் தாமதித்தால் மூழ்கிவிடுவார். அவர் எங்களுக்குத் துணைப்பாத்திரம், அவ்வளவுதான். மூன்றாவது அத்தியாயம் எழுதும்போதுதான் தெரிந்தது, கதையின் முடிச்சை அவிழ்க்க அவரைத் தவிர வேறு ஆளில்லை என்று. ஆனால் விளையாடியவர்கள் தங்கள் ஆட்டத்தைச் சேமித்துவைத்திருக்கும் சேவ் கோப்புகளில் பாதியில் அவர் இறந்துகிடக்கிறார். திருத்த வழியில்லை. உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு காட்சி, இல்லாதவர்களுக்கு அவருடைய பேத்தி கடிதம் கொண்டுவருவதாக இன்னொரு காட்சி என்று இரண்டு எழுதினோம். கடிதக் காட்சி ஒட்டவே இல்லை. ஏர்லி ஆக்சஸாக இருந்திருந்தால் முதல் பகுதிக்கே திரும்பிப்போய்க் கிழவரைக் காப்பாற்றியிருப்பேன்.

பனைமரத்தடி:
வாங்குகிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஐந்து அத்தியாயங்களுக்கும் முன்கூட்டியே பணம் கட்டி ஒரு விளையாட்டை வாங்கினேன். இரண்டு வந்தன. மூன்றாவது வரவே இல்லை, ஒரு விளக்கமும் இல்லை. அத்தியாய விளையாட்டுகள் செய்த டெல்டேல் நிறுவனம் 2018 செப்டம்பரில் ஊழியர்களில் பெரும்பாலோரை ஒரே நாளில் வெளியே அனுப்பியபோது, தி வாக்கிங் டெட் இறுதிப் பருவத்தின் நான்கு அத்தியாயங்களில் ஒன்றுதான் வந்திருந்தது, இரண்டாவது சில நாளில் வந்தது. ஸ்கைபவுண்ட் என்ற இன்னொரு நிறுவனம் எடுத்து நடத்தியதால் மீதி வந்தது. எல்லோருக்கும் ஒரு ஸ்கைபவுண்ட் கிடைக்காது. அதனால் வராத பகுதிக்கு இப்போதே பணம் கேட்காதீர்கள்.

செங்கல்சூளை:
பனைமரத்தடி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். முதல் அத்தியாயத்தை அது மட்டுமே என்று விலை வையுங்கள். அடுத்தது வராமலே போனாலும் கொடுத்த காசுக்குத் தகும் என்று வாங்கியவருக்குத் தோன்ற வேண்டும்.

படகோட்டி விஷயம் உண்மையிலேயே வலிக்கக்கூடியது. ஆனாலும், வெளியிடும் முன் நான்கு பகுதிகளின் கதையையும் தாளில் எழுதி முடித்திருந்தால் அது வந்திராது. வார இதழ்த் தொடர்கதை வாசித்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு வாரம் அச்சேறியதை அடுத்த வாரம் மாற்ற முடியாது என்று அறிந்தே அந்த எழுத்தாளர்கள் எழுதினார்கள்.

இரவுவிளக்கு:
தாளில் எழுதினால் எல்லாம் தெரிந்துவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கிழவருடைய அருமை எங்களுக்கே விளையாடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். செலவுக்குப் பணம் திரட்டும் வழியாக மட்டும் ஏர்லி ஆக்சஸைப் பயன்படுத்தாதீர்கள் என்று விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளமே தன் வழிகாட்டுதலில் சொல்கிறது. அரைவட்டம் கேட்பது பணத்துக்காக மட்டும் என்றால் என் யோசனை தவறு.

அரைவட்டம்:
பணம் பாதிக் காரணம். மீதிப் பாதியைச் சொல்கிறேன். நேற்று இரவு என் அக்காவை உட்காரவைத்து முதல் பகுதியை விளையாடச் சொன்னேன். விளக்கை ஏற்றுவதற்கு முன் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். துணி மேசையின் மீதே இருக்கிறது. பதினொரு நிமிடம் படிக்கட்டில் மேலும் கீழும் ஏறி இறங்கினாள். அது துணி என்றே அவளுக்குத் தெரியவில்லை, காகிதம் என்று நினைத்தாளாம். இப்படி இன்னும் எத்தனை இருக்கின்றனவோ என்ற பயம்தான் என்னை ஏர்லி ஆக்சஸ் பக்கம் இழுத்தது.

செங்கல்சூளை:
அதற்கு விற்க வேண்டியதே இல்லையே! தெரிந்தவர், தெரியாதவர் என்று ஆட்களை அழைத்து உட்காரவையுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் நின்று பாருங்கள்.

அரைவட்டம்:
ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து பேரை அழைத்திருக்கிறேன். முதல் பகுதியைத் தனி விலைக்குத் தரலாம் என்பதில் நண்பர்கள் இருவரும் ஏறக்குறைய உடன்பட்டுவிட்டார்கள். நான்கு பகுதிகளின் கதையையும் இந்த மாதத்துக்குள் எழுதி முடிக்கிறோம்.

இரவுவிளக்கு:
ஐந்து பேர் போதாது. ஐம்பது பேராவது விளையாட வேண்டும். அதில் நான் மாறவில்லை. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டாம் பகுதியையும் பார்க்கிறேன். கதையில் யாரையாவது சாகவிடுவதாக இருந்தால் அதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.