கடல்பாசி எடையில் கழிவு பிடிக்கும் வியாபாரியிடம் எப்படிப் பேசுவது?

மண்டபம்_பொண்ணு:
எங்க அம்மா ரொம்ப வருஷமாகப் பாசி எடுக்கிறார். விரலில் துணி சுற்றிக்கொண்டு கடல் பாறையிலிருந்து மரிக்கொழுந்து என்ற பாசியைப் பிய்த்து, கரையில் காயவைத்து, மணல் உதறி மூட்டை கட்டுவது வரை அவர் வேலைதான். வியாபாரி எடை போட்டதும் ஈரம், மணல், தூசி என்று மூட்டைக்கு இத்தனை கிலோ கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுகிறார். நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த பாசிக்கும் அதே கழிவு. போன மாதம் ஓர் அக்கா ஏன் என்று கேட்டதற்கு, வியாபாரி அந்த அக்கா மூட்டையை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டார். தம்பி படிப்புக்காக நாங்கள் அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறோம், அதனால் அம்மா வாயையே திறக்காதே என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பாம்பன்_தம்பி:
தராசைப் பாருங்க முதல்ல. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும். இல்லை என்றால் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்க. பயந்தால் இன்னும் மிதிப்பான்.

கீழக்கரை_அக்கா:
தம்பி, தராசு சரியாகத்தான் இருக்கும். எடை போட்ட பிறகு பேனாவால் கழிக்கிறார், அதற்கு முத்திரை ஆய்வாளர் என்ன செய்வார்? அதோடு, மனுவில் ஒருத்தி பெயர் மட்டும் இருந்தால் மறுநாள் அவர் மூட்டைதான் கரையில் கிடக்கும்.

சின்னப்பாலம் லட்சுமி அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க, தீவுகளின் சூழலைக் காக்கும் அமைப்பு தரும் சீகாலஜி விருதை 2015இல் வாங்கிய பாசி எடுக்கும் பெண். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா என்று 1986இல் அறிவித்த பிறகு, காலம்காலமாக அங்கே பாசி எடுத்த பெண்களுக்கு வனத்துறையோடு ஓயாத தகராறு. அவர்கள் தனித்தனியாகப் போய்க் கெஞ்சவில்லை, ஊர் ஊராகச் சேர்ந்து நின்றார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம் என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கட்டுப்பாடுதான் அவர்கள் பேச்சுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. நீங்களும் உங்கள் பக்கம் சுத்தமாக வையுங்க: மணல் இல்லாமல் உதறி, வேறு தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதிவிட்டுப் போங்க.

தங்கச்சிமடம்_ராஜா:
ஒற்றுமை என்று சொல்வது சுலபம் அக்கா. முன்பணம் வாங்கியவர் எப்படி வாய் திறப்பார்? மீன் வியாபாரத்திலும் இதே கதைதான், கடன் கொடுத்தவர் வைத்ததுதான் விலை. அதனால் கடன் இல்லாத ரெண்டு மூணு பேர் முன்னால் நின்று பேசட்டும், மற்றவர்கள் அன்றைக்கு மூட்டையைத் தூக்காமல் பின்னால் நின்றாலே போதும். கழிவே கூடாது என்று ஆரம்பிக்க வேண்டாம், எல்லார் முன்னாலும் ஒரு மூட்டையைப் பிரித்து உதறிப் பார்த்து, உள்ள மணலை மட்டும் கழியுங்க என்று கேளுங்க. அதை மறுக்க அவருக்கு வாய் வராது. முன்பணத்தை மகளிர் குழுக் கடன் வாங்கியாவது மெல்ல அடைத்துவிடுங்க, அது இருக்கிற வரை இது தீராது.

மண்டபம்_பொண்ணு:
நன்றி அண்ணா. எங்கள் ஊரில் கடன் இல்லாதவர்கள் ரெண்டு பேர்தான், அதில் ஒருவர் வியாபாரிக்கே சொந்தக்காரர். அவரை விட்டுவிடலாமா?

கீழக்கரை_அக்கா:
விடாதேம்மா. அவரிடம்தான் முதலில் சொல்லணும். அவர் பாசிக்கும் வியாபாரி கழிவு பிடிக்கிறாரா, அதைக் கேட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பி.